வெண்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிவைப்பது எப்படி?

"அப்பாவை ரொம்ப நாள் இழுக்க விடாதீங்க டாக்டர்." ஐசியு வாசலில் தினமும் யாராவது ஒருவர் சொல்லும் வாக்கியம் இது. கேட்கிற டாக்டருக்கு இதில் நான்கு அர்த்தங்கள் தெரியும். உயிர் போகும்படி ஊசி போடச் சொல்கிறார்களா? மாத்திரையைக் கொடுத்து நோயாளியே விழுங்கட்டும் என்கிறார்களா? வெண்டிலேட்டரை எடுக்கச் சொல்கிறார்களா? அல்லது வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறார்களா? இந்தியாவில் முதல் இரண்டும் குற்றம். மூன்றாவதை உரிய நடைமுறைப்படி செய்தால் சட்டம் ஏற்கும். நான்காவதற்கு யார் அனுமதியும் வேண்டாம், அது மருத்துவரின் அன்றாட வேலை.

இந்த நான்கையும் "கருணைக் கொலை" என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருப்பதால்தான் குடும்பங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்குகின்றன, மருத்துவர்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயப்படுகிறார்கள். வெண்டிலேட்டரை எடுப்பதைப் 'பாசிவ் யுத்தனேசியா' என்று நீதிமன்றங்களும் பத்திரிகைகளும் எழுதிப் பழகிவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-இல் வெளியிட்ட கலைச்சொல் விளக்கத்தில் அந்தச் சொல்லே பொருத்தமற்றது என்று ஒதுக்கிவிட்டது. அது சரியான முடிவு. பயன் தராத சிகிச்சையை நிறுத்தும்போது உயிரை எடுப்பது நோய்தான். மருத்துவமனையில் பேசும்போது நீங்களும் "கருணைக் கொலை செய்யுங்கள்" என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். "பயனில்லாத சிகிச்சையைத் தொடர வேண்டாம், வலி தணிப்புச் சிகிச்சைக்கு மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியம் காதில் விழுந்ததும் மருத்துவமனை தன் வக்கீலைக் கூப்பிடும். இரண்டாவதற்கு உட்கார்ந்து பேச நாற்காலி போடுவார்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

நோயாளி கெஞ்சிக் கேட்டாலும் ஊசி போட்டு உயிரைப் போக்குவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி மனிதக்கொலைதான். 18 வயது நிரம்பியவர் தானே சம்மதித்திருந்தால் 101-வது பிரிவின் ஐந்தாவது விதிவிலக்கு அதைக் 'கொலை' என்பதிலிருந்து ஒரு படி இறக்கும், அவ்வளவுதான். குற்றம் மறையாது. மாத்திரை வாங்கிக் கொடுத்தவர் மீது 108-வது பிரிவு பாயும். தற்கொலைக்கு உடந்தையாக இருந்ததற்குப் பத்து ஆண்டு வரை சிறை. தென் மாவட்டங்களில் சில இடங்களில் முதியவருக்கு விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீருக்கு மேல் இளநீராகக் கொடுத்து முடித்துவைக்கும் தலைக்கூத்தலும் இந்த வகைதான். ஊரே கூடி நின்று செய்தாலும், முதியவரே தலையாட்டினாலும் சட்டத்துக்கு அது குற்றம்தான்.

சிகிச்சை வேண்டாம் என்று மறுப்பது வேறு விஷயம். 1973-இல் தாக்கப்பட்டுப் படுக்கையில் கிடந்த மும்பை செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் 2011 மார்ச்சில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் முதல்முறை சொன்னது. காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்றது. 'முன்கூட்டிய மருத்துவ ஆணை', அதாவது பேச்சுவழக்கில் லிவிங் வில், எழுதவும் அனுமதித்தது. ஆனால் அதற்கு வைத்த நடைமுறை மலையேறுவது போல. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பம் இட வேண்டும், கடைசியில் நடுவர் மருத்துவமனைக்கே நேரில் வந்து பார்க்கவும் வேண்டும். இது நடக்கிற காரியமில்லை என்று தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து பேர் அமர்வு நடைமுறையை எளிதாக்கியது. இன்று செல்லுபடியாவது அந்த 2023 வடிவம்தான். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தில் நடுவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தால் அது பழைய படிவம், ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நினைவோடு, புரிந்து பேசும் நிலையில் இருக்கும் நோயாளிக்கு எந்த ஆணையும் தேவையில்லை. "டயாலிசிஸ் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்" என்று அவரே சொல்லலாம். அதை மருத்துவர் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அவர் வாயால் சொல்ல முடியாத நாளில்தான் லிவிங் வில் பேசத் தொடங்கும்.

படி 1: உங்களுக்காகப் பேசப்போவது யார்

பேப்பரை எடுப்பதற்கு முன் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஆணையில் பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர் ஒருவரையோ அதற்கு மேற்பட்டவரையோ பெயர் குறிப்பிட வேண்டும். மூத்த மகன் என்பதற்காக மூத்த மகனைப் போடாதீர்கள். இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தால் எடுப்பவரா, மருத்துவர் முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்பவரா, "அம்மாவைக் கொன்னுட்டீங்களே" என்று அத்தை கத்தும்போதும் நிலையாக நிற்பவரா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் இரண்டாவது பெயராக இருக்கலாம், முதல் பெயராக வேண்டாம்.

இரண்டு பேரைப் போடும்போது அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல் செல்லும் என்று ஒரு வரி எழுதுங்கள். "முதலாமவர் கிடைக்காதபோது மட்டும் இரண்டாமவர்" என்ற அந்த ஒரு வரி இல்லாமல் போனால், அண்ணன் 'எடுத்துவிடலாம்' என்பார், தங்கை 'கூடாது' என்பார். மருத்துவமனை பாதுகாப்பான வழியைத் தேடிச் சிகிச்சையைத் தொடரும்.

பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நடக்க முடியாவிட்டாலும் பேரப்பிள்ளைகளோடு பேச முடிந்தால் போதுமா? ஆட்களை அடையாளம் தெரியாத நிலையில், உணவு மட்டும் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தால்? இந்த இரண்டு கேள்விக்கும் நீங்கள் சொல்லும் பதில் அவர்கள் காதில் விழ வேண்டும். பின்னாளில் மருத்துவக் குழுவின் முன் உட்காரும்போது "அப்பா என்ன சொன்னார்" என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கும். "நாங்கள் என்ன முடிவு செய்வது" என்று தவித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படி 2: என்ன எழுதுவது

நீதிமன்றம் எந்தப் படிவத்தையும் வகுக்கவில்லை. முத்திரைத்தாள் மதிப்பையும் சொல்லவில்லை. தமிழில் எழுதலாம். ஆனால் ஐசியு மருத்துவர் வேற்று மாநிலத்தவராக இருக்கக்கூடும் என்பதால் பக்கத்திலேயே ஆங்கில வடிவத்தையும் சேர்ப்பது புத்திசாலித்தனம். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராக, தெளிந்த மனநிலையில், யார் கட்டாயமும் இல்லாமல் எழுத வேண்டும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சையை நிறுத்தலாம் அல்லது தொடங்காமல் விடலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் இதை ரத்து செய்யலாம் என்பதும், விளைவுகளைப் புரிந்தே எழுதுகிறேன் என்பதும் அதில் இருந்தாக வேண்டும்.

பெரும்பாலான ஆணைகள் தோற்பது 'தெளிவாக' என்ற அந்தச் சொல்லில்தான். "என்னைச் செயற்கையாக வாழவைக்க வேண்டாம்" என்று எழுதியிருப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுவது செயற்கையா? ஆக்சிஜன் மாஸ்க்? நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்? ஆணை தெளிவில்லாமல் இருந்தால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தாது என்று தீர்ப்பே சொல்கிறது. அப்போது ஆணையே இல்லாத நோயாளிக்கான நடைமுறைக்குப் போய்விடுவார்கள். அதனால் கருவிகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இப்படி:

"நான் குணமாகவோ சுயநினைவு திரும்பவோ வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழு எழுத்தில் உறுதிசெய்து, எனக்காக நானே முடிவெடுக்கவும் முடியாமல் இருந்தால், பின்வருவனவற்றைத் தொடங்க வேண்டாம், தொடங்கியிருந்தால் நிறுத்திவிடவும்: வெண்டிலேட்டர் (முகமூடி வழியாக அழுத்தத்தில் காற்று செலுத்துவது உட்பட), தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தல், இதயம் நின்றால் சிபிஆர், டயாலிசிஸ், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துச் சொட்டு, மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் உணவு. வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கு மார்ஃபின் உட்படத் தேவையான மருந்துகளைத் தேவையான அளவு கொடுக்கவும். அதனால் தூக்கம் மிகுந்தாலும் எனக்குச் சம்மதம்."

இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாக யோசித்து அடிக்க வேண்டியதை அடியுங்கள். சிபிஆர் என்பது சினிமாவில் வருவது போல மார்பில் கை வைத்ததும் கண் திறக்கும் வித்தை இல்லை. ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்துவார்கள். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். திடீரென்று இதயம் நின்ற ஐம்பது வயதுக்காரருக்கு அது உயிர் தரும். புற்றுநோய் உடலெங்கும் பரவிக் கடைசி வாரத்தில் இருப்பவருக்கு அது கடைசி நிமிடத்தில் ஒரு கூடுதல் வேதனை, அவ்வளவுதான்.

குழாய் உணவைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். வெண்டிலேட்டரை 'சிகிச்சை' என்று ஒத்துக்கொள்பவர்களே உணவுக் குழாயைப் 'பசிக்குச் சோறு' என்று நினைப்பதுண்டு. அருணா ஷான்பாக் 1973 முதல் 2015 வரை 42 ஆண்டுகள் படுக்கையில் இருந்தது இயந்திரத்தின் தயவில் அல்ல. கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர்கள் ஊட்டிய உணவிலும் கவனிப்பிலும்தான் அவர் உயிர் தங்கியது. வெண்டிலேட்டரை மட்டும் குறிப்பிட்ட ஆணை அப்படிப்பட்ட நிலையில் ஒன்றுக்கும் உதவாது. குழாய் வேண்டும் என்பது உங்கள் முடிவானால் அதையும் எழுதுங்கள். எழுதாமல் விடுவதுதான் தவறு.

பலரும் கேள்விப்படாத ஒரு நடுவழி உண்டு: கெடு வைத்த முயற்சி. "திரும்பிவர வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் கருதினால் ஏழு நாள் வரை வெண்டிலேட்டரில் வைத்துப் பார்க்கலாம். முன்னேற்றம் இல்லையென்றால் எடுத்துவிடவும்." நாள் கணக்கைச் சிகிச்சை பார்க்கும் மருத்துவரோடு பேசி வையுங்கள். 'வேண்டவே வேண்டாம்' என்று எழுதி, சாதாரண நிமோனியாவில் போய்விடும் ஆபத்தையும் 'எல்லாம் செய்யுங்கள்' என்று விட்டு மாதக்கணக்கில் கிடக்கும் ஆபத்தையும் இந்த ஒரு வரி தடுக்கும்.

உறுப்பு தானத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் கவனிக்க: மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்கும்வரை வெண்டிலேட்டர் ஓடியாக வேண்டும். மூளைச்சாவை உறுதிசெய்ய ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பார்கள். "உறுப்பு தானத்துக்காக மட்டும் வெண்டிலேட்டரைத் தொடரலாம்" என்று சேர்க்காவிட்டால் உங்கள் ஆணையே உங்கள் தானத்துக்குக் குறுக்கே நிற்கும்.

எழுதக் கூடாதவை சில. ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று எழுதினால் அது சட்டவிரோதக் கோரிக்கை, ஆணை முழுவதன் மீதும் சந்தேகம் விழும். சொத்துப் பங்கீட்டையும் இதில் சேர்க்காதீர்கள். சொத்து உயில் செத்த பிறகு பிரிப்பது, இது உயிரோடு இருக்கும்போது பிரிப்பது. ஒரே உறையில் இரண்டையும் வைத்தால் சொத்து உயிலைப் பிரிக்கும்போது லிவிங் வில்லுக்கு வேலை முடிந்திருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் சொல்லப்படும் முன்கூட்டிய ஆணையும் வேறு. அது மனநலச் சிகிச்சையைப் பற்றியது.

மனநலம் என்றதும் ஒன்று. தீராத நோயோடு இருப்பவர் "செத்தா போதும்" என்று சொல்வதில் பெரும்பகுதி வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு பேசுவதுதான். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அந்த நிலையில் ஆணை எழுத உட்காராதீர்கள், முதலில் வலியும் மனமும் அடங்கட்டும். டெலி மனஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

படி 3: கையெழுத்து

இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் கூடியவரை உங்கள் சொத்தில் பங்கில்லாதவர்களாக, ஆணையில் பெயர் வராதவர்களாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர், பழைய அலுவலக நண்பர் போதும். பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவர் சான்றிட வேண்டும். கட்டாயமோ தூண்டுதலோ இல்லாமல், புரிந்து எழுதினார் என்பதில் தான் திருப்தியடைந்ததாக அவர் பதிய வேண்டும். வெறும் முத்திரையும் பச்சை இங்க் கையெழுத்தும் போதாது, இந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் பச்சை இங்க்கைப் பார்த்ததும் திருப்தியடைந்து திரும்பிவிடும் சாதி.

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். பார்க்கின்சன், ஆரம்பநிலை மறதி நோய் போன்றவை இருந்தால், அதே வாரத்தில் மருத்துவர் ஒருவரிடம் "முடிவெடுக்கும் தெளிவோடு இருக்கிறார்" என்று சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். தீர்ப்பு இதைக் கேட்கவில்லை. கேள்வி எழுப்பப்போகும் உறவினர் கேட்பார்.

படி 4: யார் கையில் இருக்க வேண்டும்

பீரோவுக்குள் பூட்டிய லிவிங் வில் எழுதாத லிவிங் வில்லுக்குச் சமம். ஆணையில் பெயர் குறிப்பிட்டவர்களிடமும், குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் நகல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. இன்னொரு நகல் உங்கள் ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியின் உரிய அலுவலரிடம் போக வேண்டும். அங்கே இதற்கென ஒருவர் பொறுப்பாளராக நியமிக்கப்பட வேண்டும். கோவாவும் மகாராஷ்டிராவும் 2024-இல் இதில் முந்திக்கொண்டன. கர்நாடகம் 2025 ஜனவரியில் அரசாணை போட்டது. உங்கள் ஊர் அலுவலகத்தில் "இது என்ன, சொத்துவரி விண்ணப்பமா?" என்று கேட்டால் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒப்புகை வந்ததும் உங்கள் பிரதியோடு பின் செய்து வையுங்கள். டிஜிட்டல் மருத்துவப் பதிவு வைத்திருப்பவர்கள் அதிலும் சேர்க்கலாம்.

பெயர் குறிப்பிட்டவர்களின் செல்போனில் எல்லாப் பக்கங்களின் படமும் இருக்கட்டும். மூச்சு முட்டுகிறது என்று நள்ளிரவில் ஆம்புலன்ஸை அழைத்தால், வருபவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் வருவார்கள். அவசரப் பிரிவில் குழாய் போட்ட பிறகுதான் ஆணை தேடப்படும். அதற்காகக் கைகளைப் பிசைய வேண்டாம். தொடங்கியதை நிறுத்தவும் ஆணை இடம் தருகிறது.

படி 5: மருத்துவமனைக்குள் அது எப்படி நகரும்

நோய் தீராது, மீள வாய்ப்பில்லை, நோயாளியால் முடிவெடுக்க முடியாது என்ற நிலை வந்ததும், சிகிச்சை பார்க்கும் மருத்துவர் ஆணை உண்மையானதுதானா என்று பொறுப்பாளரிடமோ டிஜிட்டல் பதிவிலோ சரிபார்ப்பார். பிறகு மருத்துவமனை முதல்நிலைக் குழுவை அமைக்கும். சிகிச்சை பார்க்கும் மருத்துவர், கூடவே அந்தத் துறையில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சரி என்றால் இரண்டாம்நிலைக் குழு கூடும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர், முதல் குழுவில் இல்லாத, அதே அளவு அனுபவமுள்ள நிபுணர்கள் குறைந்தது இருவர். இதற்கும் 48 மணி நேரம். இரண்டு குழுவும் ஒத்துப்போய், பெயர் குறிப்பிடப்பட்டவரும் சம்மதித்தால், முடிவைச் செயல்படுத்தும் முன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கும். தெரிவித்தால் போதும், நடுவர் நேரில் வரத் தேவையில்லை.

காகிதத்தில் நான்கு நாள். நடைமுறையில் இழுப்பது இரண்டாம் குழுதான். மாவட்ட அலுவலர் யாரை நியமிப்பது என்று பட்டியல் இல்லாமல் கோப்பு நிற்கும். எனவே முதல் குழு கூடும் நாளிலேயே "இரண்டாம் குழுவுக்குக் கடிதம் போய்விட்டதா, யாருக்கு, எந்தத் தேதி" என்று மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆணையின் அசல், பெயர் குறிப்பிட்டவரின் அடையாள அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

குழு மறுத்தால் அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். குடும்பம் மட்டுமல்ல, சிகிச்சை பார்க்கும் மருத்துவரும் போகலாம். இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும்.

ஆணையே எழுதாதவர்கள் கதை என்ன? ஏறக்குறைய இதே இரு குழு நடைமுறைதான். ஆணையில் பெயர் குறிப்பிட்டவருக்குப் பதிலாக நெருங்கிய உறவினர்களின் சம்மதம் கேட்பார்கள். ஆனால் அப்போது எல்லோரும் ஒத்துப்போக வேண்டியிருக்கும், நோயாளி என்ன விரும்பினார் என்பது யூகமாகத்தான் இருக்கும். பில் ஏறிக்கொண்டே போகும் பயத்தில் பல குடும்பங்கள் "சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டு வந்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் மோசமான வழி அதுதான். வாசலில் குழாயைப் பிடுங்கி அனுப்புவார்கள். மூச்சுத்திணறலுக்கு மருந்து இருக்காது, வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாது. அதே டிஸ்சார்ஜை "வீட்டில் வலி தணிப்புச் சிகிச்சை தொடரும்" என்ற குறிப்போடும் மருந்துச் சீட்டோடும் கேட்டு வாங்கலாம்.

நிறுத்திய பிறகு

வெண்டிலேட்டரை எடுப்பது சுவிட்சை அணைப்பது போல இல்லை. முதலில் மூச்சுத்திணறலுக்கு மார்ஃபினும் பதற்றத்துக்கு மிடசோலமும் கொடுத்து, நோயாளி சிரமப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மானிட்டர் சத்தத்தை நிறுத்தி, பிறகுதான் குழாயை எடுப்பார்கள். சிலர் நிமிடங்களில் போவார்கள், சிலர் மணிக்கணக்கில், சிலர் நாள்கணக்கில் தானே மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பார்கள். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் "எடுத்தும் உயிர் இருக்கே, தப்பு பண்ணிட்டோமோ" என்று குடும்பம் உடைந்துபோகும்.

தொடங்காமல் இருப்பதைவிடத் தொடங்கியதை நிறுத்துவது பெரிய பாவம் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. மருத்துவ அறத்தில் இரண்டும் ஒன்றுதான். நிறுத்தவே கூடாது என்று வைத்தால், முயன்று பார்க்கவே மருத்துவர்கள் தயங்குவார்கள். மார்ஃபின் விஷயத்திலும் இதே போன்ற ஒரு வேறுபாடு உண்டு. வலியை அடக்கும் நோக்கத்தில், வலிக்கு ஏற்ற அளவில் கொடுக்கும்போது தூக்கம் கூடினாலும், ஒருவேளை மூச்சு மெதுவானாலும், அது கொலையாகாது. உயிரைப் போக்கும் நோக்கத்தில் தேவைக்கு மேல் கொடுத்தால் ஆகும். நோக்கத்துக்குச் சாட்சி மருந்துக் குறிப்பேடு. எவ்வளவு வலி, எத்தனை மில்லிகிராம், அரை மணி கழித்து எப்படி என்று எழுதிவைக்கும் மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் வாய்வழி மார்ஃபின் கொடுக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வலி வந்த பிறகு அல்ல, கடிகாரத்தைப் பார்த்து. முதல் நாளிலிருந்தே மலச்சிக்கலுக்கு மருந்து சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டு, வயிறு உப்பி, "மார்ஃபின் ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. முதல் இரண்டு, மூன்று நாள் அதிகம் தூங்குவார், குமட்டும், பிறகு சரியாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவும் இடைவெளியும் மாறும், மருத்துவர் சொல்லாமல் கூட்டாதீர்கள். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை 'அத்தியாவசிய' பட்டியலில் சேர்த்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கிடைப்பது முன்பைவிட எளிது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கடைசி நாட்களில் சாப்பாடு குறையும். அது பட்டினி இல்லை. உடல் மூடிக்கொண்டிருக்கிறது, பசி உணர்வும் கூடவே போகிறது. வற்புறுத்திக் குளுக்கோஸ் ஏற்றினால் கால் வீங்கும், நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு களகளக்கும். தொண்டையில் அந்தச் சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைமாட்டைச் சற்று உயர்த்துங்கள். கேட்கிறவர்களுக்குத்தான் அது கொடுமை, நோயாளிக்கு அநேகமாகத் தெரிவதில்லை. மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம் நின்று மறுபடி வரும். வாய் உலர்வதுதான் உண்மையான சிரமம். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். ஆளாளுக்கு வந்து கரண்டி கரண்டியாகப் பால் ஊற்ற விடாதீர்கள், விழுங்க முடியாதவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். உதட்டில் ஒரு துளி தடவினால் சடங்கும் நிறைவேறும்.

இறந்த பிறகு மருத்துவமனை தரும் நான்காம் எண் படிவத்திலும் வீட்டில் இறந்தால் மருத்துவர் தரும் 4ஏ படிவத்திலும் காரணமாக இருக்க வேண்டியது அடிப்படை நோய்: 'நுரையீரல் புற்றுநோய்', 'நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு' என்பது போல. 'சிகிச்சை நிறுத்தப்பட்டதால்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

ஆணையை மாற்ற நினைத்தால் அடித்துத் திருத்தாதீர்கள். முதலில் செய்தது போலவே சாட்சிகள், நோட்டரி என்று முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். ரத்து செய்வதும் எழுத்தில்தான். இரண்டு ஆணைகள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும். எனவே பழைய நகல்களை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள், அண்ணனின் செல்போனில் இருக்கும் படத்தையும் சேர்த்து.